கச்சானுக்கு எதிரே எந்தப் படகு? பழைய ஒற்றையாள் துடுப்புப் படகுகள் மூன்றின் ஒப்பீடு

என் அக்காள் மகன், கோழிக்கோட்டுப் பக்கத்து மலையாறு ஒன்றில் ஐந்து நாள் துடுப்புப் பயிற்சி முடித்து உச்சிப்புளிக்குத் திரும்பிய கையோடு, சொந்தமாகப் பழைய படகு ஒன்று வாங்கிவிடுவதென்று முடிவு செய்துவிட்டான். அவன் கைப்பேசியில் மூன்று படங்கள் இருந்தன. முதலாவது, வெளிநாட்டுப் பயிற்றுநர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுச்சென்ற 11 அடி நீள மலையாற்றுக் கேனோ, அதாவது மண்டியிட்டு ஒற்றை இலைத் துடுப்பால் வலிக்கும் திறந்த படகு. விற்பவர்கள் அதை ஒயிட்வாட்டர் கேனோ என்று அழைக்கிறார்கள். இரண்டாவது, 16 அடி நீளமுள்ள, மெலிந்த, ஃபைபரில் செய்த கடல் கயாக்; கயாக் என்பது உட்கார்ந்து இரட்டை இலைத் துடுப்பால் வலிக்கும் படகு. மூன்றாவது, விடுதி ஒன்றில் வாடகைக்கு ஓடிக் களைத்த, வெயிலில் நிறம் வெளுத்த, சிட்-ஆன்-டாப் எனப்படும் பிளாஸ்டிக் கயாக். "மாமா, மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் கேட்கிறார்கள். எனக்கு முதல் படகுதான் பிடித்திருக்கிறது" என்றான்.

விலை ஒன்றாக இருப்பதால் மூன்றும் ஒரே தரத்துப் பொருள்கள் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இவை மூன்றும் வெவ்வேறு தண்ணீருக்காகச் செய்யப்பட்டவை. ராமநாதபுரம் கரையில், பெரும்பாலும் துணையின்றி, ஓய்வுநாள் காலைகளில் மட்டும் துடுப்பு வலிக்கப்போகும் ஒருவருக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதை, அவனுக்குச் சொன்ன அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். நான் பயிற்றுநர் அல்லன்; சில ஆண்டுகளாக இந்தக் கரையில் கயாக் வலித்துவருபவன், முதல் படகைத் தவறாக வாங்கியவன் என்ற இரண்டு தகுதிகள் மட்டுமே எனக்கு உண்டு.

படகைப் பற்றிப் பேசுவதற்கு முன் கடலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். தொண்டி, தேவிபட்டினம், அரியமான், மண்டபத்தின் வடகரை ஆகியவை பாக் விரிகுடாவைப் பார்த்தவை. ஏர்வாடி, கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபத்தின் தென்கரை ஆகியவை மன்னார் வளைகுடாவைப் பார்த்தவை. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் ராமேசுவரம் பக்கத்தில் சொல்வார்கள். ஆழமற்ற, அலை குறைந்த பாக் விரிகுடாவுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தப் பெயரை நம்பிப் படகு வாங்கக் கூடாது, ஏனெனில் எந்தக் கடல் அடங்கியிருக்கும் என்பதை ஊரின் பெயரைக் காட்டிலும் காற்றின் பெயரே முடிவு செய்கிறது.

ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காலத்தில், அரியமான் போன்ற வடபார்த்த கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அலை உருவாகக் காற்றுக்கு நீண்ட நீர்ப்பரப்பு வேண்டும் என்பதால், கரையோரத்தில் தண்ணீர் குளம்போல அமைதியாகவே இருக்கும். சவுக்குத் தோப்பின் மறைவில் நிற்பவருக்குக் காற்றின் வலுவும் தெரியாது. சில நூறு மீட்டர் உள்ளே போனபின்தான் முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளுவது புரியும். அதே நாளில் தென்கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், ஆனால் காற்று நம்மைக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். அக்டோபருக்குப் பின் வடகிழக்கிலிருந்து வாடை எழுந்ததும் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழாகிவிடுகிறது. ஆகவே நம் கரையில் படகின் முதல் சோதனை அது அலையைத் தாங்குமா என்பது அல்ல. கரையிலிருந்து தள்ளும் காற்றை எதிர்த்து, ஒரே ஆளின் கைவலுவில், நேர்கோட்டில் திரும்பி வருமா என்பதே. இரண்டாவது சோதனை, கவிழ்ந்தால் பிறர் உதவியின்றி அதில் மீண்டும் ஏற முடியுமா என்பது. மற்றவை எல்லாம் இவ்விரண்டுக்கும் பின்னால்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் முதல் படகு, ஆற்றுச் சாகசப் பயிற்சி நடத்தும் ஒரு நிறுவனம் கழித்துக்கட்டிய 8 அடிக் குட்டைக் கயாக். விற்றவர் "கடலுக்கும் நன்றாகப் போகும்" என்றார், போகத்தான் போனது. ஒரு ஜூலை காலையில், கரையிலிருந்து முந்நூறு மீட்டர் தூரம் எந்த முயற்சியும் இல்லாமல் போய்விட்டு, திரும்பலாம் என்று அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, கரைப்பக்கம் வளைத்தேன். ஒருமுறை வலப்பக்கம் வலித்தால் மூக்கு இடப்பக்கம் சுழன்றது. அதைத் திருத்த இடப்பக்கம் வலித்தால் வலப்பக்கம் சுழன்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி ஓய்ந்தால் காற்று படகையே குறுக்காகத் திருப்பிவிட்டது. கரை கிட்ட வரவே இல்லை. நண்டு வலை எடுத்துக்கொண்டு சிறு வத்தைப் படகில் திரும்பிய மீனவர் ஒருவர் கயிறு வீசி இழுத்து வந்தார். "தம்பி, இது ஓடுற சாமானா, சுத்துற சாமானா?" என்று அவர் கேட்ட கேள்விக்கு நான் பின்னாளில் கண்டுபிடித்த பதில்: சுற்றுவதற்காகவே அதைச் செய்திருக்கிறார்கள்.

மலையாற்றுக் கேனோவின் இயல்பும் அதுதான். பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதன் அடிப்பகுதி வாழைப்பழத்தைப்போல இரு முனைகளிலும் மேலெழுந்து வளைந்திருக்கும். துடுப்புக்காரர்கள் அதை ராக்கர் என்பார்கள். பாறைகளுக்கிடையே நீர் பாயும் ஆற்றில், ஒரு பாறையைக் கடந்து அதன் பின்னால் தேங்கும் சுழிநீருக்குள் நுழைய, ஒரே வலிப்பில் படகு கால்வட்டம் திரும்ப வேண்டும். முனைகள் தண்ணீரில் அழுந்தாமல் மேலே இருந்தால்தான் அது நடக்கும். ஆற்றில் முன்னேறுவது துடுப்புக்காரரின் வேலை இல்லை, தண்ணீரின் வேலை. ஓட்டுபவர் செய்வது திசை தேர்வு மட்டுமே. கடலில் இந்த ஏற்பாடு முற்றிலும் நமக்கு எதிராகிவிடுகிறது: முன்னேறும் வேலை முழுவதும் நம்முடையதாகிறது, திசையைக் குலைக்கும் வேலையைக் காற்று எடுத்துக்கொள்கிறது.

இருந்தாலும் அவன் கண்ட கேனோ நல்ல படகு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் குதிரைச் சேணம் போன்ற நுரை இருக்கை, மண்டியிட்டு அமர்ந்தபின் தொடைகளைப் படகோடு பிணைக்கும் பட்டைகள், முன்னும் பின்னும் காற்றுப்பைகள் என்று முறையாக அமைக்கப்பட்டிருந்தது. மண்டியிட்டு ஒற்றை இலைத் துடுப்பு வலிப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல; கட்டுமரத்தில் அப்படித்தான் வலித்தார்கள். மண்டியிடும்போது எடை முழங்கால்களில் இறங்கி அகன்ற முக்கோணமாகப் பரவுவதால் நிதானம் கூடுகிறது, கண்ணும் உயரத்தில் இருக்கிறது. ஆனால் ஒரே பக்கம் வலித்தபடி படகை நேராகச் செலுத்த, ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பைச் சற்றே வெளிப்புறம் தள்ளித் திருத்த வேண்டும். அந்தக் கைப்பழக்கம் வருவதற்கு ஐந்து நாள் பயிற்சி போதாது. அது வரும்வரை ஒவ்வொரு திருத்தமும் வேகத்தைத் தின்னும்.

அந்தக் கேனோ ராயலெக்ஸ் என்னும் பொருளால் ஆனது. நடுவில் நுரை, இருபுறமும் ஏபிஎஸ் பிளாஸ்டிக், மேலே வினைல் தோல் என்று அடுக்கடுக்காக ஒட்டிய பலகை அது. பாறையில் மோதினால் உள்வாங்கி, பிறகு பழைய வடிவத்துக்கே மீளும் குணம் அதற்கு உண்டு. இதன் உற்பத்தி 2014-இல் நின்றுபோனது. ஆகவே இன்று விற்பனைக்கு வரும் ராயலெக்ஸ் படகு எதுவாக இருந்தாலும் அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. வயதைச் சரியாக அறிய, பின்முனையின் வலப்புறத்தில் பொறித்திருக்கும் 12 எழுத்துகள் கொண்ட அடையாள எண்ணைப் பார்க்கலாம். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட படகுகளில் அதன் கடைசி இரண்டு இலக்கங்கள் படகின் ஆண்டைக் குறிக்கும். ராயலெக்ஸ் வெயிலுக்கு அஞ்சும் பொருள். தோல் வெளுத்து, முனைகளில் தேய்ந்து, உள்ளே இருக்கும் வேறு நிறம் எட்டிப்பார்த்தால், அந்த இடத்தில் ஒட்டுப்போட வேண்டிய காலம் வந்துவிட்டது. ஒட்டுக்கான பொருள்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இவை எல்லாம் பராமரிப்புச் செலவுகள் மட்டுமே. கேனோவை நான் விலக்கிய காரணம் வேறு. அது திறந்த படகு. பக்கவாட்டு அலை ஒன்று விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தால் அந்தத் தண்ணீர் தானாக வெளியேறாது. காற்றுப்பைகள் முனைகளை நிரப்பியிருந்தாலும், நடுப்பகுதியில் நூறு லிட்டர் தண்ணீர் சேர்ந்தாலே நூறு கிலோ எடை கூடிவிடுகிறது. ஆற்றில் கவிழ்ந்தவர் படகைப் பிடித்துக்கொண்டு நீந்தி, பாய்ச்சலுக்குக் கீழே தேங்கியிருக்கும் மடுவில் கரை சேர்ந்து, பாறைமேல் படகைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிடலாம். அரியமானுக்கு வெளியே பாறையும் இல்லை, மடுவும் இல்லை. கரை பின்னால் விலகிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, உயர்ந்த விளிம்புகள் காற்றுக்குப் பாய்போல வேலை செய்கின்றன.

"அப்படியானால் வைகையில் ஓட்டலாமே?" என்று அவன் கேட்டான். வைகை ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்துசேர்வதே பல ஆண்டுகளில் செய்தியாகிறது. பாறையும் பாய்ச்சலும் அதனிடம் இந்தப் பக்கத்தில் கிடையாது. கண்மாய்களில் பழகலாம் என்றால், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகியவை பறவைகள் சரணாலயங்கள். கூடு கட்டும் காலத்தில் அங்கே படகோடு நுழைவதை நினைத்தும் பார்க்கக் கூடாது. மலையாற்றுக் கேனோவுக்கு உரிய இடங்கள் குடகின் பரப்போளே, தாண்டேலியின் காளி ஆறு, கோழிக்கோட்டின் துஷாரகிரிப் பகுதி போன்றவை. ஆண்டுக்கு நான்கு முறையாவது அங்கே போகப்போகிறவர் அந்தப் படகை வாங்கி, அதை அங்கேயே ஒரு நண்பர் வீட்டில் வைத்துவிடுவது நல்லது. உச்சிப்புளியில் வைத்தால் அது மாடிப்படிக்குக் கீழே தூசி சேர்க்கும் பொருளாகிவிடும்.

இரண்டாவது படகாகிய கடல் கயாக், கேனோவின் நேர் எதிர்ப்பக்கம். நீண்டு மெலிந்த படகு ஏன் கடலுக்கு ஏற்றது என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால், அந்தப் படகு எளிதாக எட்டக்கூடிய உச்ச வேகம், மணிக்கு இத்தனை கடல்மைல் என்னும் நாட் கணக்கில் கிடைக்கும். தண்ணீரில் 9 அடி தொட்டால் ஏறக்குறைய 4 நாட். 16 அடி தொட்டால் 5.4 நாட். புதியவர் ஒருவர் இந்த உச்சத்தை எட்டப்போவதில்லை என்றாலும், அதே உழைப்புக்கு நீண்ட படகு கூடுதல் தூரம் நழுவும். அதைவிட முக்கியமாக, வலித்த திசையிலேயே நழுவும். பின்பகுதியில் தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளும் ஸ்கெக் என்னும் சிறு தகடு, பக்கக் காற்றில் மூக்கு காற்றுப்பக்கம் திரும்புவதைத் தடுக்கிறது. தாழ்ந்த உடல் காற்றுக்கு அதிகம் பிடிகொடுப்பதில்லை. கச்சானை எதிர்த்துத் திரும்பிவரும் சோதனையில் மூன்றில் முதலிடம் ஐயமின்றி இதற்குத்தான்.

இரண்டாவது சோதனையில் இது புதியவரைக் கைவிட்டுவிடுகிறது. 55 முதல் 60 செண்டிமீட்டர் அகலமே உள்ள இந்தப் படகில், இடுப்பைச் சுற்றி நீர்த்தடுப்புத் துணியை மாட்டிக்கொண்டு உள்ளே அமர்ந்திருப்பவர் கவிழ்ந்தால், ஒன்று இடுப்பை வெட்டித் திருப்பிப் படகோடு நிமிரத் தெரிந்திருக்க வேண்டும். அல்லது துணியைப் பிரித்து வெளியே வந்து, துடுப்பின் ஒரு முனையில் மிதவையை மாட்டி, அதைத் தாங்கலாக வைத்து, பின்புறத்திலிருந்து ஊர்ந்து ஏறி, பிறகு பம்பினால் தண்ணீரை இறைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் கற்றுக்கொள்ளக்கூடியவைதாம். ஆனால் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். இடுப்பளவு நீரில் ஐம்பது முறையாவது செய்து பழகியிருக்க வேண்டும். அலை குலுக்கும்போதும் அதே வரிசையில் கை வேலை செய்ய வேண்டும். துணையாக இன்னொரு கயாக் வந்தால் நிலைமை வேறு. தனியாகப் போகிறவருக்கு, முதல் ஆண்டில், இது அளவுக்கு மீறிய படகு.

அந்தக் கயாக்கில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. அது ஃபைபர். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடும் கைகள் நிறையவே இருக்கின்றன. கண்ணாடியிழைப் பாய், ரெசின், கெட்டிப்படுத்தும் திரவம் எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். ஆகவே அடியில் விரல்நீள விரிசல் இருந்தாலும் அதைக் காரணம் காட்டி விலையைக் குறைத்து வாங்கி, இரண்டு நாளில் சரிசெய்துகொள்ளலாம். வள்ளத்துக்கு ஒட்டுப்போடுபவர் பழக்கத்தில் பாயை இரட்டிப்பாக அடுக்கிவிடுவார் என்பதால், எடை ஏறாமல் மெலிதாகப் போடும்படி பக்கத்திலேயே நின்று சொல்ல வேண்டியிருக்கும்.

இவ்வகைக் கயாக்கைப் பழையதாக வாங்குவோர் கவனிக்க வேண்டிய இடங்கள் மூன்று. உள்ளே முன்னும் பின்னும் இருக்கும் குறுக்குச்சுவர்கள் நீர் புகாமல் இருக்கின்றனவா என்று பார்க்க, ஓர் அறையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் படகைச் சாய்த்து, அடுத்த அறைக்குள் கசிகிறதா என்று நோக்க வேண்டும். மூடிகளின் ரப்பர் நம் வெயிலில் வெடித்துவிடும். புதிய மூடி இங்கே கிடைக்காது. ஸ்கெக் இறங்கும் பள்ளத்தில் மணல் இறுகிப்போய், கம்பியும் துருவேறியிருந்தால், அந்தப் படகின் பாதிப் பயன் போய்விட்டது. அதோடு, பாக் விரிகுடாக் கரையோரத்தில் நண்டு வலைக் கயிறுகளும், கடற்பாசி வளர்க்கக் கட்டியிருக்கும் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவைகளும் நிறைந்த இடங்களில், 16 அடிப் படகை அவசரத்துக்குத் திருப்ப முடியாது. இறக்கிய ஸ்கெக் கயிற்றில் மாட்டிக்கொள்ளும். அடுத்தவர் பிழைப்பில் போய் மாட்டிக்கொள்வதைவிட அவமானமான நிலை துடுப்புக்காரருக்கு இல்லை.

தொலைவுப் பயணத்துக்கு இது வேண்டும் என்று வாதிடலாம். தென்கரையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எதிரே தீவுகள் தெரிவது உண்மைதான். அந்த 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே போய் இறங்கக் கூடாது. பாம்பன் கால்வாயில், பாலங்களுக்கு அடியில், நீவாடு என்னும் கடல் நீரோட்டம் எந்தத் துடுப்பையும் மதிக்காது. ஆகவே புதியவர் ஒருவரின் உண்மையான எல்லை, கரையை ஒட்டி, கரையிலிருந்து இருநூறு மீட்டருக்குள், இரண்டு அல்லது மூன்று மணி நேரம். அதற்கு 16 அடி தேவையில்லை.

மூன்றாவது படகுக்கு அழகு இல்லை. அவன் அந்தப் படத்தைக் காட்டும்போதே முகத்தைச் சுளித்தான். சிட்-ஆன்-டாப் கயாக்கில் யாரும் உள்ளே நுழைந்து அமர்வதில்லை. மூடிய உடலின் மேலே, பள்ளமான இருக்கையில் உட்கார வேண்டும். விழும் தண்ணீர் இருக்கையிலும் கால்பகுதியிலும் உள்ள வடிகால் துளைகள் வழியே கீழே போய்விடும். கவிழ்ந்தால் அதைப் புரட்டிப்போட்டு, நடுப்பகுதியின் குறுக்கே வயிற்றை வைத்து ஏறி, உருண்டு உட்கார்ந்துவிடலாம். இறைக்க வேண்டிய தண்ணீர் எதுவும் இல்லை. சாதாரண உடல்வலு உள்ளவர் அரைநாளில் இதைக் கற்றுவிடுகிறார். 75 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட அகலம் நிதானம் தருகிறது, அதற்கு விலையாக வேகத்தை எடுத்துக்கொள்கிறது. நாள் முழுவதும் இடுப்புக்குக் கீழே நனைந்தபடி இருக்க வேண்டும். குளிர்நாட்டவருக்கு அது குறை, நமக்கு அதுவே சுகம்.

காற்றுச் சோதனையில் இது இரண்டாம் இடத்தில்தான் வருகிறது என்றாலும், நீளத்தைக் கவனித்து வாங்கினால் அந்த இடம் போதுமானது. 8, 9 அடிப் படகுகள் விடுதிக் குளத்தில் குழந்தைகள் விளையாடுவதற்கானவை. என் குட்டைக் கயாக்கின் கதையே அவற்றிலும் நடக்கும். 11 முதல் 13 அடி வரை இருந்து, அடியில் நீளவாக்கில் ஏராவை (படகின் அடிநடுக் கட்டையை) போன்ற மேடு ஓடினால், படகு ஓரளவு நேராகப் போகும். அவன் பார்த்தது 12 அடி. மொத்தச் சுமை அளவு, ஓட்டுபவரின் எடை, தண்ணீர்க்குடுவை, உணவு, நங்கூரம் எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்படி இருக்க வேண்டும். இல்லையென்றால் வடிகால் துளைகள் வழியே தண்ணீர் மேலே வந்து இருக்கையில் தேங்கிக்கொண்டே இருக்கும்.

வாடகைக்கு ஓடிய படகு என்பதால் இதைத்தான் மிக நிதானமாகச் சோதித்தோம். இவ்வகைப் படகின் உயிர்நிலை வடிகால் துளைகள். தள்ளுவண்டியின் கம்பிகளை அந்தத் துளைகளில் செருகி மணலில் இழுப்பவர்கள் அதிகம். அப்போது முழு எடையும் துளையின் மெல்லிய சுவரில் இறங்கி, அங்கே மயிரிழை விரிசல் விழுகிறது. டார்ச் விளக்கை அடியிலிருந்து காட்டி, மேலிருந்து ஒவ்வொரு துளையின் உட்சுவரையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அடுத்தது பின்முனை: ஒருவராகத் தூக்க முடியாத பணியாளர்கள் மூக்கைப் பிடித்து சிமெண்டுத் தரையில் இழுத்திருப்பார்கள், பின்முனை ஓடுபோல மெலிந்திருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் எளிதாக உள்ளே போகுமிடம் கவலைக்குரியது.

பாலிஎத்திலீன் வெயிலில் வெளுப்பது மட்டும் குற்றமில்லை. உள்ளங்கையால் தேய்த்தால் சுண்ணாம்புபோலத் தூள் ஒட்டுகிறதா, நகத்தால் கீறினால் சுருளாக வருகிறதா அல்லது உதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். உதிர்ந்தால் பிளாஸ்டிக் முறுகிவிட்டது, வாங்கக் கூடாது. அடியில் இருக்கை நேராகப் பள்ளம் விழுந்திருந்தால் அஞ்ச வேண்டியதில்லை; அடுக்கிவைத்த பாரத்தால் விழுந்த பள்ளம் நல்ல வெயிலில் கவிழ்த்துவைத்தால் பெரும்பாலும் தானே எழுந்துவிடும். விரிசல் என்றால் அது வேறு கதை. பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் நிலைத்து ஒட்டாது. எம்-சீல் அப்பியிருந்தால், அது படகைக் காப்பதற்காக அப்பியதல்ல, வாங்குபவரின் கண்ணுக்காக அப்பியது. அதே வகைப் பிளாஸ்டிக் கம்பியைச் சூடாக உருக்கி ஊற்றி வெல்டிங் செய்ய வேண்டும். தண்ணீர்த் தொட்டி பழுதுபார்ப்பவர்களில் சிலருக்கு அந்தக் கைத்திறன் உண்டு.

கடைசிச் சோதனை கடலில். ஆளை ஏற்றி அரைமணி நேரம் மிதக்கவிட்டு, கரையில் நிறுத்தி, பின்முனையின் அடைப்பைத் திறந்து சாய்த்தோம். ஒரு தம்ளர் தண்ணீர் வந்தது. மூடி ஓரத்தில் அவ்வளவு கசிவது இயல்பு. அரைவாளி வந்திருந்தால் பேச்சையே முடித்திருப்போம்.

காற்றடைத்துப் பயன்படுத்தும் கயாக்கும், நின்றபடி வலிக்கும் பலகையும் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்போர் உண்டு. பேருந்தில் கொண்டுபோகலாம், மாடி வீட்டில் வைக்கலாம் என்பது அவற்றின் பெரிய வசதி. ஆனால் பழையதாக வாங்கும்போது, நம் வெப்பத்தில் இளகிய ஒட்டுத்தையலையும் சேர்த்தே வாங்குகிறோம். எடையின்றி மேலே மிதப்பதால் காற்று அவற்றை இலைபோல அள்ளிச்செல்லும். சிறு ஃபைபர் வள்ளம் கடலுக்கு மிகப் பொருத்தமானதுதான், ஒற்றை ஆளால் மணலில் இழுத்து ஏற்ற முடியாது. தெர்மோகோல் மிதவையில் தனியாகப் போய் மீன் பிடிப்பவர்கள் ராமேசுவரம் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய கடலறிவு நமக்கு வரும் நாளில் அதைப் பற்றிப் பேசலாம்.

துடுப்பைப் பற்றி ஒரு சொல். ஆற்றுப் பயிற்சியில் கொடுக்கும் இரட்டை இலைத் துடுப்பு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அகன்ற சிட்-ஆன்-டாப்பில் அது தண்ணீரை எட்டுவதற்குள் முழங்கை படகில் இடிக்கும். 230 செண்டிமீட்டர் அளவில் வாங்க வேண்டும். படகோடு இலவசமாகத் தரும் மிதவைச் சட்டையை நம்பாமல், உடலுக்குப் பொருந்தும், குறைந்தது 50 நியூட்டன் மிதப்புத் தரும் புதிய சட்டையை வாங்குவதற்கு, படகின் விலையிலிருந்து பணத்தை ஒதுக்கிவிட வேண்டும். துடுப்பைப் படகோடு கட்டும் கயிறும், ஒரு விசிலும், நீர்புகாப் பையில் கைப்பேசியும் அடையாள அட்டையும் இருக்கட்டும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைக் கைப்பேசியில் மட்டுமின்றிப் படகின் மேலும் அழியாத மையால் எழுதிவைத்திருக்கிறேன்.

விலையில், புதிய படகின் விலையில் பாதிக்கு மேல் வாடகைப் படகுக்குக் கொடுப்பதற்கில்லை என்பது என் நிலைப்பாடு. நாங்கள் பார்த்ததில் ஒரு வடிகால் துளையில் விரிசல் இருந்தது. விற்பவரிடம் டார்ச் வெளிச்சத்தில் அதைக் காட்டியபோது அவரே குறைத்துக்கொண்டார். வெல்டிங் செலவு போகவும் மிச்சம் இருந்தது. குட்டியானையில் ஏற்றி, இரண்டு பழைய டயர்களின் மேல் கவிழ்த்துக் கட்டிக் கொண்டுவந்தோம். நிமிர்த்திக் கட்டினால் அதே துளைகளில்தான் குலுங்கும்.

கடல் கயாக்கை முற்றிலும் விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டு கச்சான் காலங்களையும் இரண்டு வாடைக் காலங்களையும் இந்தப் படகில் கடந்தபின், காரங்காட்டு அலையாத்திக் கால்வாய்களிலும் தேவிபட்டினக் கரையோரத்திலும் பழகி, துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டபின், அதை வாங்கட்டும். சிட்-ஆன்-டாப் அப்போதும் வாங்கிய விலைக்கு அதிகம் குறையாமல் விலைபோகும். மலையாற்றுக் கேனோவுக்கு வயநாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் முன்பணம் அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. மருமகன் ஒரு நாள் முழுவதும் என்னிடம் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு, காற்று எழுவதற்கு முன், இடுப்பளவு தண்ணீரில் அந்த வெளுத்த படகைத் தானே கவிழ்த்து ஏறிக்கொண்டிருந்தான். எண்ணிக்கொண்டு நின்றேன், பதினோராவது முறையில் என் கையைக் கேட்காமல் ஏறினான்.